தோன்றா எழுவாய்

1

குளவி நம்மிடம் வெகுகாலம் ஓர் உவமையாகவே இருந்துவந்திருக்கிறது. புழுவைப் பிடித்துக்கொண்டுபோய் மண்கூட்டுக்குள் அடைக்கிறது, வாசலில் ரீங்கரிக்கிறது, கொட்டுகிறது. பின்னொரு நாள் அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது இன்னொரு குளவி. ஆகவே புழு குளவியாயிற்று. குருவின் ஸ்பரிசத்தால் சீடன் குருவாவதற்கும், தியானிப்பவன் தியானிக்கப்படும் பொருளாகவே மாறுவதற்கும் இதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் கிடைக்காது என்று வேதாந்திகளும் சித்தாந்திகளும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். வடமொழியில் இதற்குப் பிரமர கீட நியாயம் என்று பெயர்.

பார்த்ததில் பிழை எதுவும் இல்லை. புழு உள்ளே போனதும் உண்மை, குளவி வெளியே வந்ததும் உண்மை. இடையில் விடுபட்டுப்போனது ஒரு முட்டை. கண்ணுக்குப் படாத அந்த முட்டையைத் தவறவிட்டதால் வாக்கியத்தின் எழுவாய்ப் பதவி புழுவுக்குப் போய்விட்டது. 'ஆயிற்று' என்ற வினையையும் அதன் தலையிலேயே கட்டினோம். உண்மையில் புழு எதுவாகவும் ஆகவில்லை. அது தின்னப்பட்டது.

ஐரோப்பாவும் இந்த இடத்தில் வெகுநாள் தடுமாறிற்று. 1660களில் ஹாலந்தைச் சேர்ந்த ஓவியர் கூடார்ட், பட்டாம்பூச்சி வரவேண்டிய புழுவிலிருந்து சிறு பூச்சிகள் கும்பலாக வெளிப்படுவதைப் பார்த்து, அதையும் ஒருவகை உருமாற்றம் என்றே எழுதினார். லேவன்ஹூக், வாலிஸ்னியேரி போன்றவர்களின் காலத்தில், அதாவது 1700ஐ ஒட்டி, இடையில் ஒரு தாய் வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறாள் என்பது தெளிவாயிற்று. தெளிவானதும் வேறு சங்கடம் பிறந்தது. உயிரோடிருக்கும் புழுவின் உடலை உள்ளிருந்து தின்னும்படி ஒரு ஜீவனைக் கருணையுள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்பமுடியவில்லை என 1860இல் டார்வின் தன் அமெரிக்க நண்பர் ஏஸா கிரேக்கு எழுதினார். நம்மவர்களுக்கு ஞானோபதேசமாகத் தெரிந்த காட்சி, அவருக்குக் கடவுளுக்கு எதிரான சாட்சியமாயிற்று. குளவி இரண்டுக்கும் பொறுப்பில்லை.

இன்று முட்டையைப் பற்றி நமக்குத் தெரியும். அதற்காக எழுவாயின் சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சொல்லமுடியாது. அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'தாய்க்குளவி தீர்மானிக்கிறது' என்பது இன்றைய வாக்கியம். எங்கே முட்டையிடுவது, இடுவதா வேண்டாமா, இடும் முட்டை மகனாக இருப்பதா மகளாக இருப்பதா — எல்லாவற்றையும் அவளே தீர்மானிக்கிறாள் என்று பூச்சியியல் சொல்கிறது. இந்த 'தீர்மானம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, ஆத்தூர் போகும் சாலையில், இப்படிப்பட்ட ஒரு குளவியை நம்பி ஒரு பயிரும், அந்தப் பயிரை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்களும் இருக்கின்றன. இதே சேலம் மாவட்டத்தில், தாய்மார்களின் தீர்மானம் பற்றி வேறொரு வாக்கியமும் வெகுநாள் புழங்கியது. இரண்டு வாக்கியங்களுக்கும் இலக்கணம் ஒன்று.

2

முதலில் இந்தச் சொல் வந்த வழி.

1845இல் ஸைலீஷியாவைச் சேர்ந்த ட்ஸியர்ஸோன் என்ற பாதிரியார், ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது என்று அறிவித்தார். தேனீ, எறும்பு, குளவி மூன்றுக்கும் இது பொதுவிதி என்று பிறகு தெரிந்தது. தாய் ஒருமுறை சேர்ந்து பெற்ற விந்தைத் தன் உடலுக்குள் ஒரு சிறு பையில் வைத்துக்கொள்கிறாள். முட்டை இறங்கிவரும்போது அந்தப் பையின் வழி திறந்தால் மகள், திறக்காவிட்டால் மகன். மகனுக்குத் தகப்பன் கிடையாது. தாயைப் பெற்ற தாத்தா மட்டும் உண்டு. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயின் உடலில் ஒரு தசை அசைவதைப் பொறுத்தது.

அந்தத் தசை எதைக் கண்டு அசைகிறது என்று கேட்டவர்களில் ஃபாப்ர் முக்கியமானவர். 1880களில் அவர் எழுதியவற்றில், நாணல் குழாய்களிலும் காலி நத்தை ஓடுகளிலும் கூடுகட்டும் ஒருவகைத் தனித்தேனீக்கு வெவ்வேறு அளவுக் குழாய்களைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் வருகின்றன. இடம் தாராளமாக இருந்தால் மகள். நெருக்கமாக இருந்தால் மகன். தாய்க்கு முட்டையின் பால் முன்கூட்டியே தெரியும் என்று அவர் முடிவுகட்டினார். 1913இல் செவிரெவ் என்ற ருஷ்யர் இதையே ஒட்டுண்ணிக் குளவிகளில் காட்டினார். பெரிய கூட்டுப்புழுவைக் கொடுத்தால் பெரும்பாலும் பெண் பிறந்தது, சிறியதைக் கொடுத்தால் ஆண்.

1930களில் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸால்ட், டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய குளவியை எடுத்துக்கொண்டார். கரும்புப் பயிரிடும் நம் விவசாயிகள் இதை அறிவார்கள். ஒட்டுண்ணி அட்டை என்று வாங்கித் தோகையில் கட்டுவது இதைத்தான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குளவி இது. இன்னொரு குளவி ஏற்கெனவே நடந்துபோன முட்டையை இது தொடாமல் விட்டுவிடுகிறது. அந்த முட்டையைக் கழுவிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. முன்னால் வந்தவள் விட்டுப்போன வாசனை, 'இங்கே ஆள் இருக்கிறது' என்று எழுதிவைத்த பலகை போல வேலைசெய்திருக்கிறது. ஆனால் தேடியலைந்தும் வேறு எதுவும் கிடைக்காத குளவி, பலகையைப் படித்த பிறகும் உள்ளே நுழைவதுண்டு என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

1967இல் ஹாமில்டன், ஒரே கூட்டத்துக்குள் சகோதரர்களே சகோதரிகளைச் சேர வேண்டிய இடங்களில் தாய் மகன்களின் எண்ணிக்கையை ஏன் குறைக்கிறாள் என்பதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சார்னோவ் முதலானவர்கள் இந்தக் கணக்கை விரித்தார்கள். தாய் கொடுக்கும் உணவு பெரிதாக இருந்தால் மகள் பெரிதாக வளர்கிறாள். பெரிய மகளின் வயிற்றில் முட்டை அதிகம். மகன் சிறுத்துப்போனால் நஷ்டம் அவ்வளவில்லை; எப்படியும் ஒரு துணையைத் தேடிக்கொள்வான். ஆகவே பெரியதை மகளுக்கும் சிறியதை மகனுக்கும் வைப்பதே லாபம்.

லாபம் என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. இந்தத் துறையின் கட்டுரைகளில் ஒன்றைப் புரட்டினால் முதலீடு, செலவு, வருவாய், இருப்பு, அவகாசம் என்று வரிக்கு வரி வருகிறது. கையிருப்பு முட்டை எத்தனை, மிச்சமுள்ள ஆயுள் எவ்வளவு, இந்த இடத்தில் இன்னும் எத்தனை நிமிஷம் செலவிட்டால் கட்டும் என்று குளவி கணக்குப் பார்க்கிறது. பகல் முழுவதும் கௌண்டரில் நான் கேட்கும் பாஷைதான் இது. என் அலுவலகம் எப்படியோ ஒரு மில்லிமீட்டர் பிராணியின் வயிற்றுக்குள் கிளை திறந்திருக்கிறது.

3

நம் அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்று ஒன்று உண்டு. இயல்பாக நடப்பதன்மேல் கவி தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதைக் கோவலனை வராதே என்று தடுப்பதாகச் சிலப்பதிகாரம் சொல்வதைப் பள்ளிக்கூடத்திலேயே உதாரணமாகப் படித்திருக்கிறோம். 'குளவி தீர்மானிக்கிறது' என்பதும் தற்குறிப்பேற்றந்தான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் ரஸ்கினையும் துணைக்கு அழைக்கலாம்.

அது அவசரம் என்று நினைக்கிறேன். கொடிக்கு வேறுவிதமாக அசைய வழியில்லை. காற்று எப்படியோ அப்படி. குளவிக்கு வழிகள் இருக்கின்றன. தானிய மணிக்குள் ஒளிந்திருக்கும் வண்டுப்புழுவைத் தேடும் ஒரு குளவியைச் சார்னோவும் நண்பர்களும் 1981இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரே அளவுப் புழு, சுற்றிலும் பெரியவை இருந்தால் மகனைப் பெறுகிறது. சுற்றிலும் சிறியவை இருந்தால் மகளைப் பெறுகிறது. அப்படியானால் குளவி புழுவை மட்டும் அளக்கவில்லை. தான் கடந்துவந்தவற்றோடு வைத்து அளக்கிறது. அதற்கு ஒருவகை நேற்று இருக்கிறது. மனம் என்று சொல்லவேண்டாம். ஆனால் வெறும் கொடி என்றும் சொல்லமுடியாது.

எனவே 'தீர்மானம்' என்ற சொல்லை முற்றிலும் தள்ளுவதற்கில்லை. என் ஆட்சேபம் வினையைப் பற்றியதல்ல, எழுவாயைப் பற்றியது. தீர்மானம் ஒன்று நிகழ்கிறது. அது எங்கே நிகழ்கிறது? தசை அசையும் இடத்தில் என்பது உடற்கூற்றின் பதில். வரலாற்றின் பதில் வேறாக இருக்கும். அதற்கு மலையைவிட்டுக் கீழே இறங்கவேண்டும்.

4

ஏற்காட்டில் சுதேசி என்று தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய பயிர்கள் குறைவு. காபி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அதற்கு நிழல்தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அந்த மரத்தில் ஏறியிருக்கும் மிளகு மேற்குக் கரையிலிருந்து வந்தது. வந்த செடிகளுக்குப் பின்னால் அவற்றின் பூச்சிகள் வந்தன. பூச்சிகளுக்குப் பின்னால், மனிதர்கள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த பூச்சித்தின்னிகள் வந்தன. காபிக்கும் எலுமிச்சைக்கும் வரும் மாவுப்பூச்சியை அடக்க 1983இல் டிரினிடாடிலிருந்து தென்னிந்தியாவுக்கு ஒரு குளவி வரவழைக்கப்பட்டது. பெரிய பூச்சியில் மகள், சிறிய பூச்சியில் மகன் என்ற கணக்கு அதனிடமும் உண்டு.

பூச்சியைக் கப்பலில் வரவழைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் செஞ்சாயம் தரும் பூச்சி என்று நினைத்துப் பிரேஸிலிலிருந்து அதன் மட்டமான சொந்தக்காரப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சாயம் தேறவில்லை. சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. கள்ளியை ஒழிக்க அதையே 1860களில் தென்னாட்டில் வேண்டுமென்றே பரப்பினார்கள். ஒரு வியாபாரத் தோல்வி அறிவியலின் முன்னோடி உதாரணமாகப் பதிவாயிற்று.

குப்பனூர்ப் பாதையாக மலையிறங்கினால் அயோத்தியாப்பட்டணம். அங்கிருந்து கிழக்கே வாழப்பாடி, ஏத்தாப்பூர், ஆத்தூர். மழையை எதிர்பார்த்தும் கிணற்றை எதிர்பார்த்தும் இங்கே விளைவது மரவள்ளி. சேலத்துக்காரன் குச்சிக்கிழங்கு என்பான். தென்னமெரிக்கப் பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சகாலச் சோறாகப் பரப்பினார். சேலத்தில் அது சோறாவதைவிடச் சரக்காயிற்று. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943ஐ ஒட்டி, மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரியும் மலேயாவில் அந்தத் தொழிலைக் கண்டிருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மூலப்பொருள் பனைவகை மரத்தின் சோறாக இருக்கவேண்டியது. பெயர் ஒன்று, பொருள் வேறு. அந்தப் பொய்ப்பெயரின்மேல் ஒரு மாவட்டத்தின் தொழில் எழும்பியது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

இந்தப் பயிரின் விதை, விதையல்ல, வெட்டிய குச்சி. பத்து மாதப் பயிரை வெட்டியெடுக்கும்போது அதன் தண்டையே நறுக்கி அடுத்த ஆண்டுக்கு நடுகிறார்கள், அடுத்த ஊருக்கும் விற்கிறார்கள். குச்சியோடு பூச்சியும் போகும். 1970களின் தொடக்கத்தில் காங்கோ நதியோரத்தில் அப்படி ஒரு மாவுப்பூச்சி தோன்றியது. செடியின் நுனி சுருண்டு முடிச்சாகிவிடும், இலை விழும், கிழங்கு பெருக்காது. இந்தப் பூச்சியில் ஆணே இல்லை. ஒவ்வொன்றும் பெண், ஒவ்வொன்றும் துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 1977இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதற்குள் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகளை அது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன் எதிரியைத் தென்னமெரிக்காவில் தேடியவர்கள் முதலில் கண்டது பார்வைக்கு ஒன்றுபோலிருந்த வேறொரு மாவுப்பூச்சியை. அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியை ஏற்கவில்லை. மனிதர்கள் பார்த்துத் தவறவிட்ட வித்தியாசம் குளவிகளுக்குத் தெரிந்திருந்தது. 1981இல் பராகுவேயில் பெல்லோட்டி சரியான பூச்சியையும், அதன்மேல் அனகைரஸ் லோபெஸி என்ற குளவியையும் கண்டார். அர்ஜென்டீனாவைச் சேர்ந்த டி ஸான்டிஸ் பதினேழு வருஷங்களுக்கு முன்பே பெயரிட்டு வைத்திருந்த குளவி அது. நைஜீரியாவின் இபதானில் இருந்த வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அதைப் பெருக்கினார்கள். முதலில் தரையிலிருந்து, பிறகு விமானத்திலிருந்தும் விட்டார்கள். பூச்சி அடங்கியது. செலவிட்ட ஒரு டாலருக்கு 149 டாலர் பலன் என்று 1988இல் நார்கார்ட் என்ற பொருளாதாரவாதி கணக்கிட்டார். எந்த வங்கியிலும் கிடைக்காத வட்டி. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. 2020இல் திருச்சூரில் காணப்பட்டது. அங்கிருந்து சேலம் தூரமில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்துத் தனிமையில் வைத்துச் சோதித்தது. 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. நமக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இதே குடும்பத்துக் குளவி ஒன்று வந்துதான் அதை நிறுத்தியது.

5

ஏத்தாப்பூரில் விடப்பட்ட குளவி செய்வது என்ன? இலையின் அடியில் நடக்கிறது. உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டிப்பார்க்கிறது. பூச்சி மிகச் சிறிதாக இருந்தால் முட்டைக்குழலால் குத்தி, கசியும் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகிறது. கொஞ்சம் வளர்ந்திருந்தால் ஒரு முட்டை, பெரும்பாலும் மகன். நன்றாக வளர்ந்திருந்தால் மகள். முட்டை விழுந்த பூச்சி உப்பிப் பழுப்பாகி உலர்ந்துபோகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வட்டமாக ஒரு துளைபோட்டுக்கொண்டு புதுக்குளவி வெளியே வருகிறது.

பூச்சியைக் கொல்வது மகள்கள். மகன்கள் சேர்வதற்கு மட்டுமே. மகள் குறைந்தால் அடுத்த தலைமுறையில் குளவியின் கை தளர்கிறது, பூச்சியின் கை ஓங்குகிறது. இங்கேதான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி முக்கியமாகிறது. கண்டம் முழுவதும் ஜெயித்த குளவி சில இடங்களில் மட்டும் ஜெயிக்கவில்லை. அவை சத்தற்ற மணல்பாங்கான நிலங்கள். அங்கே செடி சோனியாக இருந்தது, ஆகவே பூச்சியும் சோனியாக இருந்தது. குளவிக்கு எங்கே போனாலும் சிறிய பூச்சிதான். எனவே மகன், மகன், மறுபடியும் மகன். மூடாக்குப் போட்டு எருவிட்ட வயல்களில் பூச்சி பெருத்தது, பெருத்த பூச்சியில் குளவி மகள்களை வைத்தது, பூச்சி குறைந்தது. தென்கிழக்கு ஆசியாவில் பின்னர் செய்த ஆய்வுகளும் பூச்சி, குளவி இரண்டின் கையும் மண்ணின் வளத்தைப் பொறுத்தது என்றே சொல்கின்றன.

அதே குளவி, அதே பூச்சி, அதே பயிர், மண் வேறு. இப்போது 'தீர்மானிக்கிறது' என்ற வினைக்கு எழுவாய் யார்?

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்பது வாக்கியத்தில் சொல்லாமல் விடப்பட்டது. இல்லாததல்ல, மறைந்திருப்பது, வினையின் விகுதியைக் கொண்டு நாமே வருவித்துக்கொள்ளவேண்டும். குளவியின் வாக்கியத்தை அப்படிப் பின்னோக்கிப் படித்துப்பார்க்கலாம். தசைக்குப் பின்னால் பூச்சியின் உடம்பு. அதற்குப் பின்னால் இலையின் சாறு. அதற்குப் பின்னால் மண். மண் எருவைச் சார்ந்தது, எரு பணத்தை. பணம் எங்கள் பேரேட்டில் இருக்கிறது. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை ஒவ்வோராண்டும் மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. பட்டா உள்ளவனுக்கு அது கிடைக்கும். குத்தகைக்கு உழுபவனிடம் பட்டா இல்லை. வீட்டிலிருக்கும் நகையைக் கொண்டுவந்து வைக்கிறான். ஒரு வருஷத்துக்கு மட்டும் தன்னுடையதாக இருக்கும் மண்ணுக்கு வண்டி வண்டியாக எருவடிக்க அவனுக்குக் காரணமில்லை. விளைந்த கிழங்குக்கு மில்லில் மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்து விலைபோடுகிறார்கள். சோனி மண்ணின் கிழங்குக்குப் பாயிண்டும் குறைவு. குறைந்த விலை அடுத்த வருஷத்து எருவைக் குறைக்கிறது. நுனி சுருண்டதைப் பார்த்துப் பயந்து மருந்தடித்தால் முதலில் சாவது குளவி.

இவ்வளவும் சேர்ந்துதான் இலையின் அடியில் ஒரு கணம் தசையாக அசைகிறது. 'குளவி தீர்மானிக்கிறது' என்று எழுதுவது பொய்யில்லை. அது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதுவது.

6

இதே மாவட்டத்தில் புழங்கிய இன்னொரு வாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். முந்தைய ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் சுமார் 850. பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்படுவது ஊரறிந்த விஷயமாக இருந்தது. வேண்டாத குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசு சொல்லிற்று. பிறகு ஸ்கேன் வந்தது. பிறக்கும் முன்பே பால் அறிவதைத் தடைசெய்து 1994இல் சட்டம் வந்தது.

அந்த ஆண்டுகளின் பேச்சில், செய்தியானாலும் மேடையானாலும் டீக்கடையானாலும், வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் தாய். தாய் நெல்லைப் புகட்டினாள், கள்ளிப்பால் கொடுத்தாள், தாய் மனம் கல்லாயிற்று. தொட்டில்கூட தாயைப் பார்த்துத்தான் நீட்டப்பட்டது. தகப்பனை நோக்கி ஒரு தொட்டில் நீட்டப்படவில்லை.

குளவியையும் பெண்ணையும் நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிடுவது ஆபாசம். பெண்ணுக்கு மனம் இருக்கிறது, பயம் இருக்கிறது. மறுக்கத் தெரியும், பல நேரம் மறுக்கமுடியாது என்பதும் தெரியும். நான் ஒப்பிடுவது இரண்டு வாக்கியங்களை. இரண்டிலும் ஒரு தாய் எழுவாயாக நிறுத்தப்படுகிறாள். இரண்டிலும் நிறுத்தியவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. வரதட்சிணை 1961லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது; ஆனால் மகள் பிறந்த அன்றே பவுன் கணக்குத் தொடங்குகிறது. மகளுக்கென்று சேர்த்த பவுன்தான், மழை பொய்த்த வருஷம், குச்சிக்கிழங்குக்காக எங்கள் பெட்டகத்துக்கு வருகிறது. ஏலத்தில் போனால் ஒரு கல்யாணம் போயிற்று என்று அர்த்தம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் மாமனார், மாமியார், கணவன், நிலத்தின் பங்கு, சாதியின் கௌரவம் எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவு, கடைசியில் ஒரு பிள்ளைபெற்ற உடம்பின் கைவழியாக நிறைவேறியது. எழுதப்பட்டது அந்தக் கை மட்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். குளவியின் தோன்றா எழுவாய் மண். மண்ணைக் கூண்டில் நிறுத்தமுடியாது. மனிதர்கள் விஷயத்தில் மறைந்திருக்கும் எழுவாய்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, சிலருக்கு ஊரில் மரியாதையும் உண்டு. காரணங்களை அடுக்குவது குற்றத்தைத் துடைப்பதற்காக என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது குற்றத்தை அதன் முழு நீளத்துக்கு எழுதுவதாகவே படுகிறது. தாயோடு நின்றுவிடும் வாக்கியம்தான் மற்றவர்களை விடுதலை செய்கிறது.

இயற்கையிடம் நீதி கேட்டுப்போகிறவர்களுக்குக் குளவியிடம் ஒன்றும் கிடைக்காது. பெரியதை மகளுக்கு வைக்கிறதே என்று மகிழ்வதும் தவறு. சோனி மண்ணில் அதே தாய் மகன்களாகப் பெற்றுத்தள்ளும். ஞானிகள் அதனிடம் குருவைப் பார்த்தார்கள். டார்வின் கடவுளின் இல்லாமையைப் பார்த்தார். எழுபதுகளின் விஞ்ஞானிகள் ஒரு முதலீட்டாளரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய எழுவாயை அதன் முதுகில் ஏற்றியிருக்கிறது. நான் ஏற்ற விரும்புவது எதுவுமில்லை. ஏற்றப்பட்டதை இறக்கிவைத்துவிட்டு, மண்ணிலிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

ஏத்தாப்பூர்க் குளவியின் வரலாறு ஒருநாள் முழுமையாக எழுதப்படும். பராகுவே, இபதான், பெனின், பெங்களூர் என்று அதன் பயணம் அதில் தவறாமல் இருக்கும். நிறுவனங்களின் பெயரும் விட்ட தேதியும் இருக்கும். பட்டாவில்லாத ஒருவன் ஒரு வருஷக் குத்தகை நிலத்துக்கு எருவடிக்காமல் விட்டதும் அதில் ஓர் அத்தியாயம் ஆகவேண்டும். சேலத்தின் 1992ஐ எழுதுபவர்கள், கைக்குப் பின்னாலிருந்த வீட்டையும் எழுதவேண்டும். எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமைக்க நம் மொழி இடம்கொடுக்கிறது. அது ஒரு வசதி. எழுவாயை வருவித்துக்கொள் என்றும் அதே மொழியின் இலக்கணம் கட்டளையிடுகிறது. வரலாற்றை எழுதுபவனுக்கு அந்தக் கட்டளை போதும்.